ஜும்ஆ முடிவதற்குள் ஏறிய கண்ணாடி

மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். இன்னும் என் விரல் நுனியில் காறல் பிடித்த தேங்காயெண்ணெய் மணக்கிறது. உங்களோடு கொஞ்சம் சண்டை பிடிக்க வேண்டும். அது முடிந்ததும் ஒரு சந்தோஷமான செய்தி சொல்ல வேண்டும். முதலில் சண்டை. அந்தக் கார்க் கதவுக்குள் அவ்வளவு எண்ணெயை ஊற்றியது நீங்கள்தானே?

கார் வாங்கிய புதிதிலேயே சாரதிப் பக்கத்து ஷட்டர்க் கண்ணாடி முரண்டு பிடிக்கத் தொடங்கிவிட்டது. கராஜில் காட்டுங்கள் என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். உள்ளங்கையால் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். "கோவிச்சிக்கிட்டு இரிக்கி புள்ள, கொஞ்சம் கதைச்சாச் சரியாகும்" என்பீர்கள். சொன்ன மாதிரியே கண்ணாடியும் ஏறும். ஆனால் என் குசினியில் எண்ணெய்ப் போத்தல் மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே போனது. நான்தான் கறிக்கு அள்ளி ஊற்றுகிறேன் என்று என்னையே பழி சொன்னீர்களே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. சைக்கிள் சங்கிலி, கேற்றுப் பிணைச்சல், தையல் மெஷின் மிதி என்று எது கிறீச்சிட்டாலும் உங்களுக்கு ஒரே மருந்து. நற்பிட்டிமுனை வயலில் நெல் வெட்டு நடக்கும்போது நான்கு ஷட்டரையும் இறக்கிவிட்டுத்தான் காரை நிறுத்துவீர்கள். காற்று வேண்டுமாம். மெஷின் கக்கும் பதரும் தூசும் உள்ளே வந்து என் மடியெல்லாம் நிறையும்.

நீங்கள் மௌத்தாகி, விதவைக்குரிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து, நான் மறுபடி காரை எடுத்தபோது ஊரில் நாலு பேர் நாலு விதமாகக் கதைத்தார்கள். கதைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். நான் தைத்த அபாயா அங்கிகளை அக்கரைப்பற்றுக் கடைகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த மாரியில் ஒருநாள் அட்டாளைச்சேனையில் பழம் வாங்குவதற்காக ஷட்டரை இறக்கினேன். இறங்கியது ஏறவே இல்லை. நானும் நனைந்தேன், பக்கத்து சீட்டில் இருந்த அபாயாக் கட்டும் நனைந்தது. வீட்டுக்கு வந்து உங்கள் மாதிரி இரண்டு தட்டும் தட்டிப் பார்த்தேன். கதவுக்கு என் பாஷை விளங்கவில்லை.

கார்களுக்கு மின்வேலை பார்க்கும் எலெக்ட்ரிக் பாஸ் வந்து சுவிச்சை இரண்டு தரம் அமத்திப் பார்த்தார். கதவைத் திறக்கவும் இல்லை. மோட்டர் செத்துவிட்டது, கொழும்பிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் கூடப்பிறந்த மூத்தவர் காக்காவுக்கு அது போதும். என் மேல் அன்பில்லாதவர் இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் பொம்பளைக்கு எதற்கு இந்தத் தொல்லை, விற்றுவிடுவோம், எங்கே போக வேண்டுமென்றாலும் நான் கூட்டிப் போகிறேன் என்று விடாமல் சொன்னார். களைத்துப்போய்த் தலையாட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வாங்குகிற ஆளைக் கூட்டி வருவதாக ஏற்பாடு. தலையாட்டிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி ஒவ்வொரு பயணத்துக்கும் காக்காவுக்கு எப்போது வசதிப்படும் என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும்.

இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. முற்பகலில் உங்கள் தொப்பியையும் பத்திரங்களையும் எடுப்பதற்காகக் காருக்குள் ஏறினேன். கடைசியாக ஒரு தரம் என்று சாவியைத் திருப்பி சுவிச்சை அமத்தினேன். முன்னால் எரிந்த சின்ன விளக்கு கொஞ்சம் மங்கியது. கதவுக்குள் ஒரு முனகல். காதைக் கதவில் வைத்துக் கேட்டேன். என் தையல் மெஷினும் இப்படித்தான் செய்யும். ஊசிக்குக் கீழே நூல் சிக்கினால் மோட்டர் முனகும், விளக்கு மங்கும். செத்த மோட்டர் எங்கே முனகும்? இது உயிரோடு இருக்கிறது, எதுவோ பிடித்துவைத்திருக்கிறது.

அப்போதே திறந்திருப்பேன். ஆனால் எங்கள் ஒழுங்கைத் தெருவில் ஒரு பெண் கார்க் கதவைக் கழற்றினால் பத்து ஆண்கள் கூடிப் பதினொரு யோசனை சொல்வார்கள். ஆகவே பள்ளியில் பாங்கு சொல்லும் வரைக்கும் பொறுத்தேன். ஜும்ஆ நேரத்தில் ஒழுங்கையில் மருந்துக்கும் ஆண்வாடை இராது.

ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியது, நானும் தொடங்கினேன். தையல் பெட்டியிலிருந்த திருகாணி முடுக்கியால் மூன்று ஆணி. கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது ஒன்று. பாண் கத்தியால் நெம்பியதும் உள்பலகை கழன்றது, ஒரு பிளாஸ்டிக் கொளுவி உடைந்தும் போனது. கண்ணாடி ஓடும் றப்பர்க் காடியைப் பார்த்தால் கறுப்புக் களி. மண், நெற்பதர், எண்ணெய், எல்லாம் சேர்ந்து பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. விரலில் எடுத்து மணந்து பார்த்தேன். என் குசினித் தேங்காயெண்ணெய்! தனியே இருந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அழ நேரம் இல்லை என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

சுடுதண்ணீர், சவர்க்காரம், பழைய பல்தூரிகை. தேய்க்கத் தேய்க்கக் களி கரைந்து வந்தது. இரண்டாம் குத்பா முடிந்து இகாமத் சொல்லித் தொழுகை தொடங்கியும் எனக்குக் காடி காயவில்லை. துணியை ஈர்க்கில் சுற்றித் துடைத்து, பிள்ளைப் பவுடரை உள்ளே தூவினேன். இனி எண்ணெய் கிடையாது. தொங்கிய சுவிச்சை முழங்கையால் அமத்திக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே கண்ணாடியைப் பிடித்துத் தூக்கினேன். நாலு விரல் ஏறி நின்றது. பிஸ்மி சொல்லி இன்னொரு தரம். பள்ளியில் எல்லாரும் சேர்ந்து ஆமீன் சொன்ன நேரம் கண்ணாடி உச்சியில் போய் முட்டியது. நானும் சத்தமாக ஆமீன் சொன்னேன். பிறகு இறக்கினேன், ஏற்றினேன், இறக்கினேன், ஏற்றினேன். பார்க்க நீங்கள் இல்லையே என்று இருந்தது.

காக்கா ஆளோடு வந்தபோது நான் சாரதி சீட்டில் இருந்தேன், மூக்கில் கறுப்பு. ஷட்டர் ஏறாது என்றல்லவா சொன்னீர்கள் என்று வந்தவர் காக்காவிடம் கேட்டார். நான் சுவிச்சை அமத்தினேன். சத்தமே இல்லாமல் ஏறியது.

"ஆரு செஞ்ச?" என்றார் காக்கா.

"நான்தான்."

என்ன பழுது என்று கேட்டார். கொஞ்சம் தூசி என்றேன். உங்கள் எண்ணெய் வைத்தியத்தை ஊருக்குச் சொல்ல நான் என்ன விசரியா? காக்காவுக்கு இப்போது முகமெல்லாம் சிரிப்பு. இனி இன்னும் நன்றாக விலைபோகும் என்றார்.

"இது என்ட கார், காக்கா. நான் விக்கல்ல."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. இத்தனை நாளும் யார் கேட்டாலும் 'அவர்ட கார்' என்றுதான் சொல்லிவந்தேன். பொலிஸ்காரரிடம்கூட அப்படித்தான் சொன்னேன். உங்களைக் காரிலிருந்து இறக்கிவிட்டேனோ என்று பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். நீங்கள் இருந்திருந்தால் இதைக் கேட்டு உரக்கச் சிரித்திருப்பீர்கள், ஊரெல்லாம் போய்ச் சொல்லியும் இருப்பீர்கள். நாளைக்கு அக்கரைப்பற்றுக்குப் போகிறேன். மழை பெய்தாலும் போவேன், என்ட காரில்.