பெடலை அமுக்க ஓர் ஆள்

அன்புள்ள என் வீட்டரசிக்கு,

நானும் வாலுவும் சுகம். உன் சுகத்தை மட்டும், நீ போனில் "நல்லா இருக்கேன்" என்று சொல்கிற வேகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. போன தடவை கொஞ்சம் மெதுவாகச் சொன்னாய். இடுப்பு வலியா, தூக்கமில்லையா என்று மறைக்காமல் எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. நீ நைட் டியூட்டி முடித்துக் கூப்பிடும்போது பாதித் தூக்கத்தில் இருக்கிறாய். இங்கே உன் மகள் வாலு போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள். இந்த லட்சணத்தில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். கார் பிரேக்கைச் சரிபார்க்கக் கடையில் கொடுத்தாச்சா என்பது ஒன்று. அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் உன் நர்ஸ் வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடவா என்பது இன்னொன்று. நான் பேசாமல் இருந்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் பிரேக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் தெருமுனையில் திரும்பும்போதே வாலு வாசல் கதவைத் திறந்துவிடுவாள், வண்டி போடுகிற கூச்சல் அப்படி. மெக்கானிக்கிடம் காட்டினேன். நம் பழைய ஆள்தான், காதில் பென்சில் செருகியிருப்பாரே, அவர். குனிந்து பார்த்துவிட்டு, "முன்னாடி பேட் தேஞ்சு போச்சு சார், ஆயில் போற ரப்பர் குழாயிலயும் வெடிப்பு இருக்கு, ரெண்டையும் மாத்திடலாம்" என்றார். கேட்ட கூலியும் நியாயம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு, சாமான்களை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ திட்டுவாய் என்று தெரியும். "உங்க கண்ணாடிக் கடையில மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ முடுக்குறதும் பிரேக்கும் ஒண்ணா? என் பிள்ளை அதுல போறா" என்று, நானே மாற்றுகிறேன் என்று சொன்ன அன்றைக்கே கத்தினாய். நான் கஞ்சத்தனத்தில் செய்யவில்லை, நம்பு. நீ போன பிறகு உன் வேலைகளை ஒவ்வொன்றாக வெளியே கொடுத்தாயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு டிபன்காரம்மா. வாலுவின் யூனிபார்ம் ஓரத்தைப் பிரித்து இறக்கத் தையல்கடை. கணக்குப் பாடத்துக்கு டியூஷன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிரேக் வேலை ஒன்றுதான் நாம் இருவரும் சேர்ந்து செய்தது. நான் தரையில் படுத்துக் கிடப்பேன், நீ சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிக்கொண்டே என் அக்காவைப் பற்றிக் குறை சொல்வாய். படுத்திருக்கிறவன் எழுந்து ஓட முடியாது என்று தெரிந்துதான் அந்த நேரம் பார்த்துப் பேசுவாய். அதையும் கடைக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினேன். பேட் மாற்றுவதில் சிக்கல் இல்லை. குழாயையும் மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் வந்தது வினை. குழாயைக் கழற்றினால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும் அல்லவா, அதை எடுக்க ஓர் ஆள் பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். கீழே இருக்கிறவன் திருகைத் திறந்து, காற்றும் ஆயிலும் வெளியே வந்ததும் மூடிவிட்டு, விடு என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் காலை எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும். நீ ஒருநாளும் முன்னால் எடுத்ததில்லை.

மாடி வீட்டு டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டேன். ரிட்டயர் ஆன பிறகு அவர் கழுத்தில் விசில் மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. அமுக்குங்க சார் என்றால், ஒன், டூ, த்ரீ என்று தானே எண்ணித் தானே காலை எடுத்துவிடுகிறார். நான் சொன்ன பிறகு எடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும் தம்பி" என்று எனக்கே பாடம் நடத்தினார். ஆயில் வடிய வைத்திருந்த பாட்டிலில் குமிழி அடங்கவே இல்லை. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. அவருக்கு ஒரு டீ கொடுத்து மரியாதையாக மேலே அனுப்பிவிட்டு, மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். நாளைக்கு ஆளோடு வந்து முடித்துத் தருகிறேன் என்றார். முழங்கை வரை ஆயிலோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. இந்த வீட்டில் ஒரு வேலைக்கு ரெண்டு பேர் இல்லை என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த வாலு வந்து வண்டிக்கதவைத் திறந்து ஏறினாள். "நான் அமுக்குறேன்பா" என்றாள். போடி, உனக்குக் கால் எட்டாது என்றேன். சீட்டை முன்னால் இழுத்தாள். நீ இழுக்கிற அளவுக்குத்தான் இழுத்தாள், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட இல்லை. பெடல் அடிவரை போனது.

எட்டிவிட்டதடி. நீ கிளம்பியபோது அந்தச் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்த பிள்ளை.

"பிடிச்சிருக்கேன்பா" என்றாள். எங்கே கற்றாளோ, அச்சு அசல் உன் குரல். நான் திறந்தேன், மூடினேன். விடு என்று சொல்ல மறந்து, பெடலில் இருந்த அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காலை எடுக்கவே இல்லை. திறந்திருந்த கதவு வழியாக அவள் முழங்கால் நடுங்குவது தெரிந்தது. "இன்னும் பிடிக்கணுமாப்பா?" என்று கேட்ட பிறகுதான் விடு என்றேன்.

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டோம். பெடல் கல்லாக நிற்கிறது. இருந்தாலும் உன் பேச்சைத் தட்டவில்லை. மறுநாள் மெக்கானிக்கை வரவழைத்து, எல்லாவற்றையும் சோதித்து ஓட்டிப் பார்க்கச் சொல்லி, அவர் கூலியையும் கொடுத்துவிட்டேன். நன்றாகப் பிடிக்கிறது என்றார். பிறகு, "ஏர் சுத்தமா எடுத்திருக்கே, வீட்டம்மா வந்துட்டாங்களா சார்?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. கையெழுத்துப் போடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வீட்டுத் தவணை இருக்கிறது, அவள் படிப்பு இருக்கிறது, போன தடவை நீட்டித்தபோதும் இதையேதான் சொல்லி உன்னைத் தேற்றினேன். இந்த முறை எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. கொஞ்சம் இழுத்துப் பிடித்து வாழ்ந்துகொள்ளலாம். உனக்கு இங்கேயே ஒரு வேலை கிடைக்காமலா போகும்? நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதைப் போனில் சொன்னால் நீ அங்கே அழுவாய், நான் இங்கே அழுவேன், நடுவில் அவள் நின்று இருவரையும் சமாதானம் செய்வாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ விட்டுப்போன நீலச் செருப்பை இப்போது வாலு போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறாள். இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது, நடக்கும்போது பின்னால் டப்டப்பென்று அடிக்கிறது. அது அவள் காலுக்குச் சரியாவதற்குள் வந்துவிடு.

உன் வழியைப் பார்த்தபடி,
உன் வீட்டுக்காரன்