மலை ஏறாமல் மலைக்கு

13 ஜூன் 2006, செவ்வாய்
சேலையூர்

ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மகள் சுதாவை, லடாக் மலைப் பக்கம் லேயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையிடம் ஞாயிற்றுக்கிழமை அனுப்பப் போவதாகச் சம்பந்தியம்மா இன்று சாயங்காலம் வந்து அறிவித்துவிட்டாள்.

போன வாரம் சுதாவைத் திருநீர்மலைப் படியில் கால் வைக்கவே விடாதவள் இவள். பிள்ளைத்தாச்சி மலை ஏறக் கூடாதாம். அப்படியானால் லே மட்டும் என்ன சமுத்திரக் கரையா என்று கேட்டேன்.

"அது ப்ளேன்ல போறா சம்பந்திம்மா. ப்ளேன் மேலேர்ந்து கீழதானே எறங்குது? இதுல ஏறுறது எங்க கீது?"

லேடி டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சுதாவுக்கு ஏற்கெனவே பிரஷர். அங்கே பதினோராயிரம் அடி உயரத்தில் காற்றே குறைச்சல். விமானத்தில் ஒரேயடியாகப் போய் இறங்கினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

"அவளுக்கு மூச்சு முட்டினா என்ன பண்றது?"

"உங்க பேச்சக் கேட்டுக்கினு இருந்தும் முட்டாத மூச்சா அங்க முட்டப் போவுது?"

கூடமே சிரித்தது. கருமாதி வீட்டில்கூட ஆட்களைச் சிரிக்க வைத்த வாய் என்னுடையது. இன்று பயந்துபோய்ப் பேசினேன். அதையும் ஜோக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

சுதாவும்தான் சிரித்தாள். புருஷனிடம் போகிற சந்தோஷம். சிரித்து முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் ஒருத்திதான் பார்த்தேன்.