கறுப்புத் தாடியின் பூட்டு

திரையின் ஓரத்தில் சின்னப் பூட்டு அடையாளம் ஒன்று. இன்று காலை உன் மகள் கொண்டுவந்த பென்டிரைவில் இருந்த படத்தைத் திறந்ததும் கண்ணில் பட்டது அதுதான். நீ மௌத்தாகி, உன்னை அடக்கி, அடுத்த நோன்பும் வந்துவிட்டது. உன் பூட்டுகள் மட்டும் இன்னும் வேலையில் இருக்கின்றன.

கல்முனையில் நம்முடைய ஸ்டூடியோவை நீ ஒருநாளும் ஒழுங்காகப் பூட்டியதில்லை. பகலில் ளுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டால் கெமராவை வாசல் மேசையிலேயே போட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போவாய். ஆனால் கம்ப்யூட்டரில் திருத்திக்கொண்டிருந்த படத்தின் மேல் அடுக்கடுக்காகப் போட்ட ஒவ்வொரு லேயரையும் பூட்டிவிட்டுத்தான் எழும்புவாய். உன் பயம் கள்ளனிடம் அல்ல, உள்ளே இருக்கும் என்னிடம்.

"நீ சும்மா இரிக்கமாட்டாய் மச்சான். ஒன்ட கை பட்டா மாப்பிள்ளைட மூக்கு பொண்ணுட கன்னத்துல போய் நிக்கும்" என்பாய்.

உன் மகள் இன்று பின்னேரம் புருஷனிடம் கட்டாருக்குப் போகிறாள். அவளுடைய கலியாணத்தில் நீ அவளோடு நிற்கும் ஒரே படம் இந்தக் கோப்பில்தான் இருக்கிறது. மற்றதையெல்லாம் எடுத்தவன் நீ. இந்த ஒன்றிலோ உன் தாடி கரிக்கட்டை போலக் கறுப்பு.

"மாமா, இது வாப்பாட தாடி இல்ல. எனக்கு அந்த நரைச்ச தாடி வேணும்" என்றாள்.

நீ அதைப் பூசிய அன்றே நான் கேட்டேன், தாடிக்குக் கறுப்புச் சாயம் மார்க்கத்தில் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் இதைச் செய்யலாமா என்று. "மூஞ்சில பூசினாத்தான் கூடாது. லேயர்ல பூசினா ஒண்டுமில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பூட்டினாய்.

உண்மையிலேயே லேயரில்தான் பூசினாயா? நேரே படத்தின் மேல் பூசியிருந்தால் உன் முகம் போனதுதான். கெமரா கார்டில் இருந்த அசலை எப்போதோ அழித்துவிட்டோம். பூட்டைத் திறக்கக் கை போகவில்லை. உன் மகள் போனைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

"பயமா இரிக்கா மாமா?"

"ஓம்."

"எனக்கும்தான். கொப்பி ஒண்டு எடுத்திட்டுத் திறங்க."

உன் மகள்தான், சந்தேகமில்லை. பிரதி எடுத்து, பூட்டை நீக்கி, தாடி லேயரை மறைத்தேன். கீழே உன் நரை பத்திரமாக இருந்தது. கூடவே இன்னொரு லேயர், அதுவும் பூட்டியபடி. அதற்கு 'கண்' என்று பெயர் வைத்திருந்தாய். அதையும் மறைத்தேன். சிவந்து, வீங்கி, நனைந்திருந்தன உன் கண்கள்.

அவள் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"அண்டைக்குக் கேட்டதுக்கு, லைட் கண்ணுல குத்துது எண்டுதான் எனக்கிட்டச் சென்னாரு" என்றாள். "இதையே பிரிண்ட் அடிங்க மாமா."

அடித்துக் கொடுத்தேன். மை காயும்வரை கூட நிற்காமல் வாங்கிக்கொண்டு போனாள்.

அடையாள அட்டைப் படத்துக்கு ஆட்கள் வந்து காத்திருக்கிறார்கள். நானோ நீ சிரித்துக்கொண்டு நிற்கும் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பக்கத்து நாற்காலியில் இருந்தும் எனக்குத் தெரியாமல் போனது இன்னும் என்னவென்று தேடிக்கொண்டிருக்கிறேன்.