நான்காம் அத்தியாயத்தில் நீ விட்ட இடம்

மீனாட்சிபுரம்,
12.11.2025, புதன்.

அன்புள்ள ஹஸீபாவுக்கு, உன் ஜுனைத் ஸலாம் சொல்லி எழுதுவது.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. எனக்கு ஒரு கேடும் இல்லை. நீ அங்கே போலந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு நடக்கிறாயா, இல்லை வழக்கம்போல் எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று வீம்பு பிடிக்கிறாயா? போன வாரம் போனில் உன் குரல் கட்டியிருந்தது. கவனித்தேன், சொல்லவில்லை.

உன் கேள்விக்குப் பதிலைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். எங்கே சொல்வது? வீடியோவில் உன் முகம் வந்த மறுநிமிஷம் அம்மா வந்து பாதித் திரையைப் பிடித்துக்கொள்கிறாள். என்ன கண்ணு சாப்பிட்டே, அங்கே மத்தி மீன் கிடைக்குதா என்று ஆரம்பித்தால் முடிப்பதில்லை. அதனால்தான் கையால் எழுதுகிறேன். முடிந்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நிச்சயம் ஆன பிறகு உனக்கு எழுதிய ஆறு கடிதத்திலும் இதே கோழிக் கிறுக்கல்தான். அப்போது நீ குறை சொல்லவில்லை.

உன் மெயில் எனக்கு மனப்பாடம். கம்பெனிக்கு நான் எழுதுகிற வீடியோ கேமில் நான்காம் அத்தியாயம் நம் இரண்டு பேருடைய கதை மச்சான், நீங்கள் சம்மதிக்காமல் வைக்க மாட்டேன், விளையாடிப் பார்த்துவிட்டு வைக்கவா எடுக்கவா என்று இருபதாம் தேதிக்குள் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். எடுத்துவிட்டால் கம்பெனிக்கு நிம்மதி, வைத்தால் எனக்குத்தான் சண்டை என்றும் எழுதியிருந்தாய். நீ எழுதாத ஒன்றும் உண்டு. நோன்புப் பெருநாளுக்கு வருவாயா என்று மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் பார்க்கலாம் என்றாய். இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குப் புரிகிறது. நான் மாட்டுத் தீவனம் விற்கிறவன்தான், மாடு இல்லை.

நீ விட்டுப்போன லேப்டாப்பைக் கடைக்கே கொண்டுபோய்விட்டேன். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் புண்ணாக்கு கேட்டு யாரும் வருவதில்லை. அந்தப் பொத்தான் கருவியைப் பிடித்ததும் முதல் நாள் முழுக்க உன் வீரன் இசாக் சுவரில் முட்டிக்கொண்டே நின்றான். முதல் மூன்று அத்தியாயத்தில் பத்தொன்பது தடவை செத்தேன். நாற்பது பேரையாவது வெட்டியிருப்பேன். அடேயப்பா, என்ன ரத்தம்! திரையெல்லாம் தெறிக்கிறது. இதற்கெல்லாம் உங்கள் கம்பெனியில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நான்காம் அத்தியாயத்தில் தாரா அவன் மார்பில் கை வைக்கிறாள், அவன் மனைவிதான், கல்யாணம் பண்ணிக்கொண்டவள்தான். அதற்குப் பதினெட்டு வயது முத்திரை குத்த வேண்டும் என்று ஆறு பேர் உட்கார்ந்து மீட்டிங் போட்டார்களாமே. வெட்டுவதற்கு வயது வேண்டாம், தொடுவதற்கு வேண்டுமா? என்ன நியாயமோ!

நீ எதைப் பார்த்து எரிச்சல்படுகிறாய் என்று தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு மூன்று விளையாட்டுகளையும் பார்த்தேன். ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பூவும் பழமும் மோதிரமும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்கக் கொடுக்கத் தலைக்கு மேல் சின்னச் சின்ன இதயம் நிறைகிறது. பத்து நிறைந்ததும் விளக்கு அணைகிறது, பாட்டு வருகிறது, நமக்கு ஒரு பதக்கம். மறுநாள் காலையில் அவளிடம் போய்ப் பேசினால், இன்றைக்கு நல்ல வெயில் என்கிறாள். அதற்கு முந்தின நாள் சொன்ன அதே வாக்கியம்! கதை எழுதினவனுக்கு விளக்கு அணைவதோடு வேலை தீர்ந்துவிட்டது. அப்புறம் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவனும் கேட்கவில்லை. உன் கோபத்தின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

அந்தத் தமிழ் சரிபார்க்கிற சென்னைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கட்டிலில் இசாக் தாராவிடம் கேட்கிற வசனத்தை நீ என்னைக் கேட்டு எழுதினாய். சுகமா இருக்கியா என்று நான் சொன்னேன், நீயும் போட்டாய். படுக்கையறைக் காட்சியில் சுகம் என்பது இரட்டை அர்த்தம் தருகிறது, நலமா என்று மாற்றவும் என்று அவர் சிவப்பில் எழுதியிருக்கிறார். நம்மூரில் பால் வண்டிக்காரன் முதல் பள்ளிவாசல் இமாம் வரைக்கும் சுகமா என்றுதானே கேட்கிறோம்? பக்கத்தில் படுத்திருக்கிற பெண்டாட்டியைப் பார்த்து நலமா என்று கேட்பவன் புருஷனா, கலெக்டரா? முதலில் நன்றாகச் சிரித்தேன். அப்புறம் யோசித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூட்டி வந்த பிறகு உன்னிடம் சாப்பிட்டியா என்று கேட்டேன், மாத்திரை போட்டியா என்று கேட்டேன். இந்த ஒரு கேள்வியை ஒரு நாளும் கேட்கவில்லை. உன் விளையாட்டில் வருகிற மனுஷனுக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான்காம் அத்தியாயம் போன வியாழக்கிழமை வந்தது. ஒரு அறை, ஒரு கட்டில், வெட்டுவதற்கு ஒருவரும் இல்லை. ஏழாம் மாதத்தில் குழந்தையை இழந்தவள் தாரா. அவள் கை வைத்ததும் திரையில் இரண்டு வழி காட்டுகிறாய், அவள் பக்கம் திரும்பு, எழுந்து வெளியே போ என்று. நான் திரும்பு என்பதைத்தான் அழுத்தினேன். அவன் எழுந்து போய்விட்டான். மறுபடி முதலிலிருந்து வந்து அழுத்தினேன், மறுபடியும் போய்விட்டான். எதை அழுத்தினாலும் போய்விடுகிறான். இதென்ன அநியாயம், பொத்தான் கெட்டுவிட்டதா என்று கருவியைத் தட்டிக்கூடப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. உனக்கு அன்றைக்கு அப்படித்தானே இருந்தது?

அவன் போன பிறகு தாரா மனசுக்குள் பேசுவது காதில் விழுகிறது. குழந்தை செத்துப்போன வயிறு, அவனுக்கு அருவருப்பாக இருக்கிறது என்கிறாள். ஹஸீபா, நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். அடுத்து வந்தவர் பருத்திக்கொட்டை கேட்டார், நான் தவிடு போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள்தான் மேற்கொண்டு பார்த்தேன். இசாக் முற்றத்துக்கு வருகிறான். வந்ததும் படம் நின்றுவிடுகிறது, கறுப்புத் திரையில் நீ எழுதிய ஒரு வரி மட்டும் இருக்கிறது. இங்கே அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறாய்.

நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது குருவம்மாள் வந்துவிட்டாள், ஆறு சிந்துக் கறவை மாடு வைத்திருக்கிற நம் வாடிக்கைக்காரிதான். மூடுவதற்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். ஏனுங்க பாய், இது என்ன சினிமாவுங்களா என்றாள். மறைக்கத் தெரியாமல் கதையைச் சொன்னேன், நம் பெயரைச் சொல்லவில்லை. தீவன மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பே சொல்லிவிட்டாள். ஆம்பள மூஞ்சியத் திருப்பிட்டு எந்திரிச்சுப் போனான்னா அக்கட்டால வேற எவளோ இருக்கறான்னு அர்த்தமுங்க, இல்லீன்னா இவ ஒடம்பு அவனுக்குப் புடிக்கலீன்னு அர்த்தமுங்க, மூணாவதா என்னங்க இருக்குது என்றாள். மூட்டையைத் தூக்கி அவள் வண்டியில் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இந்த இரண்டுதான் தெரியும் என்பது இரண்டு வருஷமாக எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, ஹஸீபா. அதைத்தான் சொல்லப் போகிறேன். படித்ததும் என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

பிள்ளை போன அன்று ஆஸ்பத்திரியில் நீ மயக்கத்தில் இருந்தாய். அந்த டாக்டரம்மா என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ரத்தம் மிகவும் போய்விட்டது, இனி ஒரு வருஷத்துக்குக் கர்ப்பம் ஆகக்கூடாது, கவனமாக இருங்கள், உடனே இன்னொரு தடவை இப்படி வந்தால் தாயைக் காப்பாற்ற முடியாமல் போகலாம் என்றார். அவர் சொன்ன அத்தனையும் கழன்று, கடைசி வாக்கியம் மட்டும் என் தலையில் தங்கிவிட்டது. அன்று காலையில்தான் துணியில் சுற்றிய நம் பிள்ளையைக் கையில் ஏந்திப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தேன். அடுத்தது நீ என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. முதலில் நீ பலவீனமாக இருந்தாய், பிறகு அழுதுகொண்டிருந்தாய், பிறகு சொல்லாமல் விட்டதே பெரிய குற்றமாகி வாயை அடைத்துவிட்டது. உன் உடம்பைப் பற்றி டாக்டர் சொன்னதை உன்னிடமே மறைக்க எனக்கு ஒரு உரிமையும் இல்லை. என்னை மன்னித்துக்கொள்.

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து சோறு உண்டு படுத்திருந்தபோது நீ கை வைத்தாய். லோடு வருது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். லோடும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறினேன். ஆணுறை வாங்கத்தான் போனேன். நம்மூரில் இருக்கிறது ஒரே மெடிக்கல், அதுவும் மம்மது மாமுவுடையது. அங்கே கேட்டால் நான் வீடு வந்து சேருமுன் விஷயம் எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டிவிடும். பொள்ளாச்சிக் கடையில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். என்ன வேணுங்க என்றாள். இருமல் மருந்து என்றேன். சுகர் இருக்குங்களா என்றாள். இல்லை என்றேன். பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் போனேன், நம் ஜமாஅத்துக்காரர் ஒருவர் வரிசையில் நின்றார், இரண்டாவது பாட்டில். மூன்றாவது தடவை கடையில் ஒருவருமே இல்லை. அப்போதும் வாய் இருமல் மருந்து என்றுதான் சொன்னது. அலமாரியில் மூன்று பாட்டிலைப் பார்த்துவிட்டு யாருக்கு இருமல் என்று கேட்டாயே, கடையில் தூசி என்றேனே. இதுதான் அந்தத் தூசி. அதற்குப் பிறகு நீ கை வைக்கவே இல்லை.

உனக்குச் சிரிப்பு வருகிறதா, அழுகை வருகிறதா? எனக்கு இரண்டும் வருகிறது. நாற்பது பேரை வெட்டுகிற வீரன் மருந்துக்கடை வாசலில் வியர்த்து நிற்பதை எந்த விளையாட்டிலாவது பார்த்திருக்கிறாயா? அருவருப்பு என்று நீ எழுதியிருக்கிறாய். அல்லாஹ்மீது ஆணை, ஒரு நிமிஷம்கூட அப்படி இருந்ததில்லை. நீ கொடியில் துணி காயப்போடும்போது பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பயந்தாங்கொள்ளியாக இருந்தேன். ஆசை இல்லாதவனாக இருக்கவில்லை.

அதனால் என் பதில் இது. நான்காம் அத்தியாயத்தை எடுக்காதே, வை. நீ விட்ட இடத்தில் அவனை அந்த ஊர் வைத்தியர் கடைக்கு அனுப்பு, வெறும் கஷாயத்தோடு திரும்பி வரட்டும். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவன் வந்து உண்மையைச் சொன்னதும் இதயம் நிறைந்து விளக்கு அணைந்துவிடுகிற மாதிரி மட்டும் வைக்காதே. அவள் கோபப்படட்டும். இத்தனை நாள் என்னை என்ன நினைக்க வைத்தாய் என்று கேட்கட்டும். அவளாகக் கை நீட்டுகிறவரைக்கும் எந்தப் பொத்தானும் வேலை செய்யாமல் இருக்கட்டும். விளையாடுகிறவன் காத்திருக்கட்டும், கை வலித்தாலும் பரவாயில்லை.

இன்னொரு செய்தி. நேற்று மம்மது மாமு கடைக்கே போய், பக்கத்தில் இரண்டு பேர் நிற்கும்போதே ஆணுறை என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினேன். மாமு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏம்ப்பா, ஹஸீபாப் புள்ள ஊருக்கு வருதா என்று கேட்டார். தெரியலீங்க மாமு என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்காமல் பேப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார். இதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். அம்மா காதுக்குப் போனால் நீ வருகிறாய் என்று நெய்ச்சோற்றுக்கு இப்போதே அரிசி வாங்கிவிடுவாள்.

உன்னை அவசரப்படுத்த இதை எழுதவில்லை. பெருநாளுக்கு வா, என் கண்ணே. வந்து என்னைத் திட்டு, முகம் கொடுத்துப் பேசாமல் அம்மாவோடு போய்ப் படுத்துக்கொள், எதுவானாலும் வா. அல்லாஹ் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். அந்தப் பெட்டியில் தேதி பார்த்தேன், 2029 மார்ச் வரைக்கும் கெடாதாம். அதற்குள் உனக்கு மனசு வரவில்லை என்றால் மாமு கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிக்கொள்வேன், இப்போது எனக்குக் கூச்சம் இல்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
ஜுனைத்