ஒரே மாதிரி நாலு போன்

ஜனவரி 18, சனி

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி ஐந்து வருஷம் முடிந்த கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. ரெண்டு நாள் விடாமல் ஊற்றி, எங்கள் கரும்பு முழுக்கத் தரையோடு படுத்துவிட்டது. ஆறு நாள் கரண்ட் இல்லை. அந்த ஆறு நாளில்தான் சின்னசேலத்தில் என் பழைய கூட்டாளி கொளஞ்சியப்பன் செத்துப்போனான். போனில் சார்ஜ் இல்லாததால் எனக்கு ஏழாம் நாள்தான் தெரிந்தது. அதற்கு அடுத்த தை இது. வருஷத்தின் நம்பர் போனுக்குத் தெரியும். அதுவே போட்டுக்கொள்ளட்டும்.

எனக்கு எழுத்து தெரியாது. எங்கே போனாலும் கட்டைவிரல்தான். மருமகள் தேவிப்ரியாதான் போனில் ஒரு மஞ்சள் கட்டத்தைக் காட்டி, மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் அது எழுதிக்கொள்ளும் என்றாள்.

"யாருக்கு மாமா எழுதப் போறீங்க?"

"எனக்கே."

ஐம்பது வருஷம் ரேடியோவில் செய்தி கேட்டவன் நான். எழுத்துக்கென்று ஒரு தமிழ் இருப்பது தெரியும். அதில்தான் பேசுகிறேன். கோபம் வந்தால் வழுக்கும்.

ஜனவரி 19

நேற்றுச் சொன்னதைப் போனே படித்துக் காட்டியது. பொம்பளைக் குரல். கொளஞ்சியப்பன் செத்ததை மழை நிலவரம் மாதிரி படித்தாள்.

ஜனவரி 27

இன்று காலையும் பேர் சொன்னோம். அதைப் பற்றிச் சொல்லிவைக்கிறேன்.

வயசுக் காலத்தில் நாங்கள் நாலு பேரும் மரவள்ளி லாரி. கல்வராயன் மலையில் கிழங்கு ஏற்றி, சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் இறக்க வேண்டும். தியாகதுருகத்து வீரமுத்து டிரைவர். கொளஞ்சியப்பன், மூக்கன், நான் மூன்று பேரும் மேலே, கிழங்குக் குவியல்மேல். மூக்கன் மலைக்காரன், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். விடியற்காலை இறங்கும்போது பனி மூடி, முன்னால் மாடு நின்றாலும் தெரியாது. மேலே இருப்பவன் தூங்கிப்போய் உருண்டுவிட்டால், கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆளைத் தேடுவோம். அதனால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வீரமுத்து தன் பேரைக் கத்துவான். அடுத்து கொளஞ்சியப்பன். அடுத்து மூக்கன். பின்பலகை ஓரம் நான், கடைசி. முந்தினவன் சொல்லாமல் அடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு பேர் வராவிட்டால் வண்டி நிற்கும்.

இப்போது லாரி இல்லை. போனில் பேச்சைப் பிடித்து அனுப்புகிற பச்சைக் கட்டம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு வீரமுத்து அதில் தன் பேரை அனுப்புவான். வரிசையாக எல்லோரும் சொல்லுவோம். கொளஞ்சியப்பன் போன பிறகு, அவன் முறைக்கு ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு மூக்கன் சொல்லுவான். யாரும் பேசி வைத்ததில்லை. அப்படியே ஆகிவிட்டது.

பிப்ரவரி 12

ராத்திரி போன் தானாக என்னவோ செய்துகொண்டிருக்கிறது. காலையில் பார்த்தால் கட்டமெல்லாம் உருண்டையாகிவிட்டது. பச்சை ஒரு வரிசை கீழே போயிருக்கிறது. பேசுகிற இடத்தைத் தொட்டால் கேமரா வருகிறது.

படித்தவனுக்கு இடம் மாறினால் என்ன, பேரைப் பார்த்துக் கண்டுபிடிப்பான். எனக்கு இடம்தான் பேர். இன்னாத்துக்குடா மாத்தறீங்க? எவன் அழுதான்?

நாலு வருஷத்துக்கு முன் கள்ளக்குறிச்சி கடையில் நாலு பேரும் ஒன்றாகப் போய், ஒரே மாதிரி நாலு போன் எடுத்தோம். கடைப் பையனிடம், நாலிலும் ஒரே இடத்தில் ஒரே கட்டம் இருக்கணும் என்று வீரமுத்து கறாராகச் சொன்னான். ஒருத்தனுக்கு வழி தெரிந்தால் நாலு பேருக்கும் தெரியும். இன்றைக்கும் அப்படித்தான். வீரமுத்துவே எங்கள் ரெண்டு பேரையும் நெட்டில் கூப்பிட்டுச் சொன்னான்:

"இருசா, பதறாத. கீழேர்ந்து ரெண்டாவது வரிசை, எடது கை ஓரம். ஒரு வாட்டி தொடு. குத்தாத, இன்னா மாடா அது?"

மலையிலிருந்து மூக்கன்: "கெடச்சிருச்சி, கெடச்சிருச்சி."

மார்ச் 9

மகன் தமிழரசன் ஓசூரிலிருந்து வந்தான். அவன் வைத்திருந்த ஐபோனை எனக்குக் கொடுத்துவிட்டு, தனக்குப் புதுசு வாங்கிக்கொண்டானாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் என்று உலகத்தில் ரெண்டே வகைதானாம், மற்றதெல்லாம் ஒழிந்துபோயிற்றாம். ஊர் ஊருக்கு ஒரு ரகம் நெல் இருந்த பூமியில் போனுக்கு ரெண்டே ரகம்.

நல்ல சாமான்தான். குறை சொல்ல மாட்டேன். கூழாங்கல் மாதிரி கையில் வழுவழுவென்று உட்காருகிறது. முகத்தைக் காட்டினால் திறக்கிறது. என் வயசுக்கு முகத்தைக் காட்டித் திறக்கிற கதவு இது ஒன்றுதான். ஆனால் பின்னால் போக ஒரு பொத்தான் இல்லை. உள்ளே போனவன் எப்படி வெளியே வருவது?

"தேச்சா வந்துடும்பா."

"எங்க தேய்க்க?"

"எங்கயாவது தேய்ப்பா!"

மார்ச் 12

வீரமுத்துவிடம் சொன்னேன். அவன் சொன்னது:

"ஐபோனு வச்சிக்கினு எங்களை மறந்துடுவ. அப்புறம் உனக்கு நான் எப்பிடிடா வழி சொல்றது? எனக்கே தெரியாத ஊரு அது."

ஐபோனைப் பீரோவில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3

மதியம் வேப்ப மரத்தடியில் கண்ணயர்ந்தேன். கனவில் லாரி வளைவில் திரும்பிக்கொண்டே இருக்கிறது, வளைவு முடியவில்லை. பனிக்குள் பெரிய பெரிய உருண்டைகள் பச்சையும் மஞ்சளுமாக எரிகின்றன. கொளஞ்சியப்பன் ஒவ்வொன்றாகக் கைநீட்டித் தொட்டுப் பார்க்கிறான். எதுவும் திறக்கவில்லை. அவனும் வருத்தப்படவில்லை.

எழுந்து போனைப் பார்த்தால் பச்சைக் கட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் பெட்டி. முழுக்க எழுத்து. ஓரத்தில் பெருக்கல் குறி.

மூக்கன் கேட்டான்: "இருசா, எனக்கு ஒரு பெட்டி வந்து நிக்குது, எழுத்தா இருக்கு. உனக்கு?"

"எனக்கும் வந்துதுடா. விளம்பரமா இருக்கும். பெருக்கலைத் தொட்டு மூடு."

"மூடிட்டேன்."

ஏப்ரல் 21

பெட்டி தினமும் வருகிறது. தினமும் மூடுகிறோம். மூக்கன் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மூடுகிறான்.

ஏப்ரல் 30, புதன்

இதைச் சொல்லிவிட்டால் தூக்கம் வருமோ என்னவோ.

காலையில் வீரமுத்து பேர் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் நாங்களும் சொல்லவில்லை. எங்கேயாவது சார்ஜ் போட மறந்திருப்பான் என்று இருந்தேன். பத்து மணிக்கு அவன் போனிலிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைச் சட்டையில் வீரமுத்து, சிரித்த முகம். சுற்றிலும் தங்கக் கலர், பூ, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே வரிசையாக எழுத்து. பேத்திக்குச் சித்திரையில் காதுகுத்து என்று போன மாதமே சொல்லியிருந்தான். பத்திரிகை அடித்துவிட்டான் என்று நினைத்தேன். மைக்கை அழுத்தினேன்.

"யோவ் டிரைவரு! காது குத்தறது பேத்திக்கா, உனக்கா? மாப்பிள்ளை மாதிரி சிரிச்சிக்கினு நடுவுல நிக்கிற! கறிசோறுல எனக்கு நல்லி எலும்பு எடுத்து வை. வரலன்னா வண்டியை நிறுத்துவேன், ஆமா."

உடனே ரெண்டு டிக்கும் நீலமாயிற்று. கேட்டுவிட்டான் என்று சந்தோஷம்.

ஒரு நிமிஷத்தில் போன் அடித்தது. வீரமுத்து மகள் சுபஸ்ரீ. "மாமா..." என்றாள். அப்புறம், "அப்பா விடியக்காலம் தூக்கத்துலயே போயிட்டாரு மாமா. அது அஞ்சலிக்குப் போட்ட படம்."

அய்யோ. எழுத்து தெரிஞ்சிருந்தா... ஒரே ஒரு எழுத்து தெரிஞ்சிருந்தா போதாதா? சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே தங்கக் கலரா போடுவாங்க?

தியாகதுருகம் போனேன். எப்படி முகம் காட்டுவது என்று தெருமுனையிலேயே நின்றேன். வீரமுத்து சம்சாரம் ரங்கம்மாள் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டது.

"உன் பேச்சைப் பொண்ணு போட்டுக் காட்டுச்சி அண்ணா. அழுதுக்கினு இருந்தவங்க எல்லாம் சிரிச்சிட்டோம். அவரு கேட்டிருந்தா இன்னா சிரிப்பு சிரிச்சிருப்பாரு."

தூக்கிக்கொண்டு போகும்போது வளைவில் என் வாய் தானாகத் திறந்தது. முந்தினவன் சொல்லாததால் மூடிக்கொண்டேன்.

மே 1

மூக்கனுக்குச் சொல்ல வேண்டும். பச்சைக் கட்டத்தைத் தொட்டேன். அதே வெள்ளைப் பெட்டி. இன்று பெருக்கல் குறி இல்லை.

தேவிப்ரியாவிடம் நீட்டினேன். படித்தாள்.

"மாமா, இந்தப் போனோட ஆண்ட்ராய்டு பழசாம். மேலருந்து புதுசு வராதாம். இனிமே இந்தப் பச்சைக் கட்டம் இதுல ஓடாது. ஒரு மாசமா எச்சரிக்கை வந்திருக்குமே, பாக்கலியா?"

பார்த்தேன். தினம் பார்த்தேன். மூக்கனையும் மூடச் சொன்னேன்.

மே 2

மூக்கன் ஊரில் டவர் கிடையாது. பள்ளிக்கூடத்துச் சுவரோரம் நின்றால் நெட்டு மட்டும் வரும். அவன் நம்பர் பத்தும் மனசில் இருக்கிறது. பதினேழு தடவை அடித்தேன். எல்லைக்கு வெளியே என்கிறாள். போனில் படிக்கிற பொம்பளையும் இவளும் அக்கா தங்கைகளாக இருப்பார்கள்.

மே 6

ஐபோனைப் பீரோவிலிருந்து எடுத்தேன். தேவிப்ரியா என் நம்பரைப் போட்டுத் தந்தாள். பச்சைக் கட்டம் திறந்தது. தேய்த்துத் தேய்த்து மூக்கனைக் கண்டுபிடித்து, "மூக்கா, இருக்கியா?" என்று அனுப்பினேன்.

ஒரே ஒரு டிக். போய்ச் சேர்ந்தால் ரெண்டு விழும்.

மே 19

ஒரே டிக்.

தேவிப்ரியாவைக் கேட்டேன்: "போனு நல்லாத்தானே இருந்துது? உடையல, தண்ணில விழல. ஏன் நிறுத்தறாங்க?"

"பழச எத்தினி நாளைக்குத் தாங்குவாங்க மாமா? புதுசு விக்கணும்ல."

மரவள்ளி லாரிக்கு எத்தனை எஞ்சின் மாற்றினோம், எத்தனை பலகை மாற்றினோம். வண்டி மாறவில்லை. இவர்கள் வண்டியை நன்றாக ஓடவிட்டு, ரோட்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள். புதுப் போன் வேண்டாம் என்பதல்ல. அதில் வெளிச்சம் ஜாஸ்தி, குரலும் தெளிவு. ஆனால் என்னோடு உட்கார்ந்திருக்கிறவனையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டாமா?

மே 28

மூக்கன் என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். ஒரே டிக்குக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. ரெண்டாவதை நான் வாயால் சொல்ல மாட்டேன்.

ஜூன் 13

தேவிப்ரியா தடுத்தும் கேட்காமல் கிளம்பிவிட்டேன். கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ். கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் பனி இல்லை, வெயில்தான். ஆனாலும் முதல் வளைவில் உதடு அசைந்தது. ரெண்டாவதில் சத்தமே வந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த அம்மா, "பெரியவருக்கு வாந்தி வருது, ஜன்னலாண்ட உடுங்கப்பா" என்று எனக்கு ஜன்னல் சீட்டு வாங்கிக் கொடுத்தது.

இறங்கி ஷேர் ஆட்டோவில் போய், பிறகு நடந்தேன். யாரையும் விசாரிக்கப் பயம். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

தினை காயப்போட்ட பாறை, ஒரு வளைவு, அவன் வீடு. வாசலில் ஆள் இல்லை. பேத்தி நர்மதா வந்தாள். நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்:

"தாத்தா பள்ளிக்கூடத்தாண்ட நிக்கிறாரு. போனு ஓடாது தாத்தான்னு எத்தினி வாட்டி சொல்லிட்டேன். கேக்கறதில்ல."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவன் தடியூன்றி வந்தான். பார்த்தான். ஆச்சரியமே படவில்லை.

"வந்துட்டியா? அந்தப் பெட்டி மூட மாட்டேங்குது, இருசா. பெருக்கலைக் காணோம். உன்னைக் கேக்கலாம்னா பெட்டி தொறந்தாத்தான கேக்கறது."

"தினம் அங்க நின்னு இன்னாடா பண்ற?"

"பேரு சொல்றேன். அது மூடியிருந்தா இன்னா? காலையில வீரமுத்து பேரை நானே சொல்லிக்குவேன். கொளஞ்சியப்பனுக்குக் கொஞ்சம் சும்மா இருப்பேன். எம் பேரு சொல்லுவேன். உனக்குக் கொஞ்ச நேரம் உட்டுட்டு வந்துருவேன்."

ஒன்றரை மாதம். எழுத்துப் பெட்டியைப் பார்த்து.

வீரமுத்துவைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேழ்வரகுக் களி சாப்பிட்டோம். ஐபோனைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, "வழுக்குது" என்று கொடுத்துவிட்டான்.

ஜூன் 14

விடியலில் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் ரெண்டு பேரும் நின்றோம். பனி இறங்கி, கொடிக்கம்பம் பாதிதான் தெரிந்தது. மூக்கன் ஓடாத போனை வாய்க்கு நேராகப் பிடித்து, "வீர..." என்று ஆரம்பித்தான்.

அவன் கையை மெல்லப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

என்னைப் பார்த்தான். நான் பனியைப் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம் போயிற்று. அது வீரமுத்துவுக்கு. அவனுக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு மூச்சு. அது கொளஞ்சியப்பனுக்கு. அதற்கப்புறமும் ரொம்ப நேரம் ஆயிற்று. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, தன் பேரைச் சொன்னான். நான் என் பேரைச் சொன்னேன்.

"மூடச் சொன்னது நான்தான்டா" என்றேன்.

"நீ சொன்ன, நான் மூடனேன். ரெண்டு பேருந்தான்."

ஜூன் 22

கள்ளக்குறிச்சி கடை. இப்போது ஒரு பெண் இருக்கிறாள்.

"எந்த மாடல் தாத்தா? கேமரா நல்லா இருக்கணுமா, சார்ஜு நிக்கணுமா?"

"ஒரே மாதிரி ரெண்டு."

"ஆண்ட்ராய்டா, ஐபோனா?"

"எதுவா இருந்தாலும் ரெண்டும் ஒண்ணாவே பழசாவணும்."

சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. பின்னால் போகிற பொத்தான் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். தேவிப்ரியா ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பச்சையைக் கடைசி வரிசை இடது ஓரத்தில் நிறுத்தினாள். மஞ்சள் கட்டத்தில் இருந்த இந்தப் பேச்சையெல்லாம் என்னுடையதற்கு மாற்றிக் கொடுத்தாள். எழுத்துப் பெட்டி எது வந்தாலும் இனி அவளும் நர்மதாவும் படித்த பிறகுதான் மூடுவது என்று பேச்சு. ஐபோன் தமிழரசனுக்கே திரும்பிப் போகிறது.

ஜூன் 25

மலைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் இந்தத் தடவை ஜன்னல் சீட்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 28

மலையில் மழை. ஒரே டிக்.

ஜூன் 29

ஒரே டிக்.

ஜூலை 1, செவ்வாய்

ஆறு மணி. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிரைவருக்கு ஒரு மூச்சு விட்டேன். கொளஞ்சியப்பனுக்கு ஒரு மூச்சு. கடைசி வரிசை, இடது ஓரம், பச்சையில் ஒரு வெளிச்சம் வந்தது. தொட்டேன், குத்தவில்லை. முதலில் காற்று. சேவல் ஒன்று. தடி சுவரில் இடிக்கிற சத்தம். அப்புறம்,

மூக்கன்.