மூன்றாம் மாடி வாசலில் ஒரு பேட்டரி

பெய்ரூத்
மே 16, வியாழன், காலை பதினொன்றரை, மின்னஞ்சலில்

அன்புள்ள ராஜி அண்ணா,

அப்பா இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடுகிறது. காலையில் அரை ரொட்டி சாப்பிட்டார். "ஜெர்மனிக்காரன் என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார்.

நீ அனுப்பிய நான்கு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். ஹைட்ரஜன் கசிந்தால் மேலேறிக் கலைந்துவிடும். மூடிய இடமென்றால் கூரைக்குக் கீழே தேங்கும், ஒரு பொறி போதும். லித்தியம் பேட்டரியில் ஒரு செல் கொதித்தால் பக்கத்துச் செல்லையும் கொதிக்க வைக்கும், அணைத்த பிறகும் மறுபடி பற்றும், புகை நஞ்சு. திறந்த வெளி இருந்தால் வீட்டு மின்சாரத்தைச் சேமிக்க ஹைட்ரஜனே மேல் என்று முடித்திருக்கிறாய்.

"வாயுவா? உங்கம்மாவக் கொண்டுபோன சத்தம் இன்னும் காதுல இருக்கு" என்றார். துறைமுகத்தில் வெடித்தது ஹைட்ரஜன் இல்லை அப்பா என்றேன். "வெடிக்கிறதெல்லாம் ஒரே குடும்பந்தான், போ."

உன் நான்கு பக்கத்திலும் ஒரு வீடு இருக்கிறது. சுற்றிலும் இடம் விட்ட வீடு. எங்களுக்கு இருப்பது படிக்கட்டு. மொட்டைமாடியில் வைத்தால் திருடிவிடுகிறார்கள். அதனால்தான் நம் பேட்டரியைப் படிக்கட்டின் உச்சியில் சங்கிலி போட்டு வைத்தேன். எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய ஒரே வழியில்.

ஏப்ரலில் நான் அனுப்பிய படத்தைப் பார்த்து நீ ஒரே வரி எழுதினாய். மூடி வீங்கியிருக்கிறது, இன்றே கழற்றி வெளியே வை. கழற்றினால் அப்பாவின் இயந்திரம் பகலில் நிற்கும். அடுத்த வாரம் என்று பதில் எழுதினேன்.

அதற்கு ஒன்பதாம் நாள் பேட்டரி எரிந்தது.

கீழ்வீட்டு விதாத் இறந்துவிட்டாள் என்று மட்டும் உனக்குச் சொன்னேன். எப்படி என்று சொல்லவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து அவள் கீழே ஓடியிருக்கலாம். மேலே வந்தாள். நான் மருந்துக்கடையில் இருந்தேன். அப்பா தனியாக இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். கதவைத் தட்டியிருக்கிறாள். அப்பாவால் எழ முடியவில்லை. கதவு மூடியிருந்ததால் அவர் பிழைத்தார். "தட்டிக்கிட்டே இருந்தா, அப்புறம் நிறுத்திட்டா" என்றார். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

தீக்குக் காரணம் ஜெனரேட்டர் ஒயர் என்றார்கள் அணைக்க வந்தவர்கள். கட்டடமே ஜெனரேட்டர்காரனைத் திட்டியது. நானும் தலையாட்டினேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவள் கணவர் ஃபாரிஸ் ஒரு நீள ஒயரோடு ஏறி வந்தார். தன் வீட்டு பேட்டரியிலிருந்து. "அவ இருந்தா இதத்தான் செஞ்சிருப்பா. மாட்டும்மா" என்றார். மாட்டினேன். "ஒங்கண்ணன் அங்க ஹைட்ரஜன டப்பால அடைக்கிறாராமே? இங்க அனுப்பிடச் சொல்லாத தாயே. இருக்கிற புகையே போதும்." சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டு வாரமாக அப்பா அந்த ஒயரில்தான் மூச்சு விடுகிறார்.

அந்த பேட்டரி ஃபாரிஸ் வீட்டு வாசல் கதவை ஒட்டி, உள்பக்கம் இருக்கிறது. பழைய மின்சாரக் கார்களிலிருந்து எடுத்த செல்கள். நம்முடையதைப் பொருத்தியவனே அதே வாரம் பொருத்தியது. மேலே குழந்தைகளின் காலணிகள். இன்று காலை பார்த்தேன். மூடி ஒரு பக்கம் எழும்பியிருக்கிறது. கீழே விரல் நுழைகிறது.

சொல்ல வாய் திறந்தேன். "காப்பி குடிக்கிறியா?" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

சொன்னால், மூடி எழும்பினால் எரியும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்.

ஜெனரேட்டர் மின்சாரம் மாலை ஆறு மணிக்குத்தான் வரும். அதுவரை பொறுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய இரண்டு பெண்களும் பள்ளியிலிருந்து இரண்டு மணிக்கு வருவார்கள். ஏற்கெனவே ஒருமுறை பொறுத்தவள் நான்.

ஒன்றரைக்குக் கீழே போகிறேன். எல்லாவற்றையும் சொல்வேன், உன் ஒரு வரியையும் சேர்த்து. ஒயரை நானே கழற்றிவிட்டுத்தான் போவேன். ஆக்ஸிஜன் உருளை ஒன்று இருக்கிறது. இரண்டு மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் கேட்டுவிட்டேன். படுக்கை காலி இல்லை.

எனக்காக எதுவும் எழுத வேண்டாம். இங்கே ஒன்றரை ஆவதற்குள் அப்பாவைப் போனில் கூப்பிடு. ஹைட்ரஜனைத் திட்டுவார், திட்டட்டும், அவர் முடிக்கும்வரை நீ போனை வைத்துவிடாதே.

நீ அங்கே நன்றாக இரு.

உன் தங்கை
ஜுமானா