நதானியேல், ஆட்டமிழக்காமல் எழுபத்தொன்று

புத்தூர்,
17 ஓகஸ்ட்.

அன்புள்ள மகன் நதானியேலுக்கு,

அந்தத் தூர தேசத்தில் கர்த்தர் உன்னைச் சுகத்தோடு வைத்திருக்க மன்றாடி அம்மா எழுதுவது. எங்கள் உடம்புக்குக் குறையில்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, தங்கச்சி ஹன்னாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. நீ போன் எடுக்கும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன், ஹன்னா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

போன சனிக்கிழமை நீர்வேலியில் கிரிக்கெட் இறுதிப் போட்டி. அப்பா தலைவரான பிறகு நம் கழகம் முதல் தடவையாக இறுதிவரை வந்ததென்று நானும் போனேன். அந்தந்த ஊரில் பதிந்தவர்கள்தான் விளையாடலாம், உனக்குத் தெரியும். ஒரு பொடியனுக்குக் கால் முறிந்துவிட, அப்பா காங்கேசன்துறையிலிருந்து கோபிசங்கர் என்பவனைக் கூட்டிவந்து, பதிவில் வெட்டாமல் கிடந்த உன் பெயரில் இறக்கியிருக்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது. ஒலிபெருக்கியில் நதானியேல் செல்வத்துரை ஆட்டமிழக்காமல் எழுபத்தொன்று என்றதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அவன் வலக்கையால் ஆடுவதைக் கண்ட பிறகுதான் திரும்பக் கதிரையில் இருந்தேன். பக்கத்தில் இருந்த நிரோஜா, மகன் எப்ப வந்தவர் அக்கா, ஒரு சொல்லும் சொல்லேல்லை என்றாள். போன கிழமை என்றேன். அப்பாவைக் காப்பாற்றச் சொன்னேனா, ஒரு நிமிடமாவது அது உண்மையாக இருக்கட்டும் என்று சொன்னேனா, இன்னும் விளங்கவில்லை. வென்ற கிண்ணத்தோடு எல்லோரும் படமெடுக்க, கோபிசங்கர் மட்டும் தனியே பஸ்ஸுக்கு நடந்து போனான். அவன் அடித்த ஓட்டங்களை அவன் தாயிடம்கூடக் காட்ட முடியாது.

எதிரணித் தலைவன் கஜானன், உன்னோடு படித்தவன், முறைப்பாடு கொடுத்துவிட்டான். நதானியேல் இடக்கையன், நோர்வேக் குளிருக்கு வலக்கையாய் மாறிட்டானோ என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டானாம். அப்பா நீ லீவில் வந்துபோனதாகச் சொல்லி, என்ரை மனுசியைக் கேளுங்கோ, அவ அண்டைக்கே நிரோஜாவிட்டைச் சொன்னவ என்று என்னைக் காட்டியிருக்கிறார். வீட்டில் கேட்டதற்கு, எல்லாக் கழகமும் செய்யிறதுதானே, உமக்கு மட்டும் என்ன நோகுது என்றார். நேற்று நான் போட்டிக் குழுவிடம் போய், என் மகன் மூன்று வருடமாக வீட்டுக்கு வரவில்லை, நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். முதல் வரியை எழுதத்தான் நேரம் எடுத்தது. அப்பா இப்போது ஹன்னாவிடம் சொல்லித்தான் தேத்தண்ணி கேட்கிறார். என்னிடம் கணக்குப் படித்த பொடியங்கள் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்புகிறார்கள்.

புதன்கிழமை குழு உன்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்கும். அதற்கு முன் அப்பா உனக்குப் போன் எடுப்பார். அம்மா சுகமில்லாமல் தடுமாறி எழுதினவ, நான் வந்தனான் எண்டு சொல்லு என்பார். அவரோடு எதிர்த்துக் கதைக்காதே, அவர் கெட்ட மனுசரில்லை. ஆனால் குழு கேட்டால் வரவில்லை என்று சொல். கிண்ணம் போகும், அப்பாவின் பதவி போகும், இந்த வீட்டில் கனநாள் பேச்சிருக்காது. அது எனக்குத் தெரிந்துதான் கேட்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு. புதன்கிழமை போனை நிறுத்தி வைத்துவிடாதே, மகன்.

உன் அம்மா,
றொசாந்தி